தாய்மொழியில் ஒரு ராக் இசைக்குழு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில், பழைய நகரின் தெற்கு வாயில் போல அமைந்திருப்பது கரமனை. அகத்தியர் மலைப்பகுதியில் பிறக்கும் கரமனையாறு இவ்விடத்தில் சாலையைக் குறுக்கிட்டுக் கடலை நோக்கிச் செல்கிறது. ஆற்றையும் சத்தியவாகீசுவரர் கோயிலையும் அடுத்துள்ள அக்கிரகாரத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவர்கள் பேசும் தமிழில் மலையாளம் கலந்திருக்கும்; பேசும் மலையாளத்தில் தமிழ் எட்டிப் பார்க்கும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தபோது, கரமனைத் தமிழர் இருந்த இடத்தில் இருந்தபடியே வேற்று மாநிலத்தவர் ஆயினர். ஊர் விட்டு ஊர் போகாமலே புலம்பெயர்ந்தவர்கள் என்று அவர்களைச் சொன்னால் பொருந்தும்.

இந்தத் தெருக்களுக்கும் இசைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. நீலகண்ட சிவன் (1839-1900) கரமனையில் வாழ்ந்தவர். மலையாள நாட்டின் தலைநகரில் இருந்துகொண்டு அவர் தமிழிலேயே கீர்த்தனைகள் இயற்றினார். அடியார்களைக் கூட்டிப் பஜனை செய்தார். சிறு பிராயத்தில் திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்த பாபநாசம் சிவன் (1890-1973) அந்தப் பஜனை மரபினால் ஈர்க்கப்பட்டவர். பின்னாளில் தமிழிசைக்கும் திரைப்படத்துக்கும் அவர் செய்த தொண்டு நேயர்கள் அறிந்ததே.

இப்போது அதே தெருவில் மாலை வேளையில் நடந்து சென்றால், ஏதேனும் ஒரு மாடியிலிருந்து மின்கித்தாரின் ஓசை காதில் விழாமற் போகாது. வாசிப்பவன் கல்லூரி மாணவனாக இருப்பான். பாடுவது பெரும்பாலும் ஆங்கிலமாக இருக்கும். கீழே திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனார் முகத்தைச் சுளிப்பார். அவருடைய குறை இரண்டு. கருவி அந்நியக் கருவி என்பது ஒன்று. மொழி அந்நிய மொழி என்பது மற்றொன்று. டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இதே முகச்சுளிப்பை நாம் கண்டிருக்கிறோம்.

முதற் குறைக்கு விடை கூறுவது எளிது. இன்று கர்நாடக சங்கீத மேடையில் பக்கவாத்தியமாக வீற்றிருக்கும் பிடில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதில் வல்லவராய் விளங்க, சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ஆம் ஆண்டில் தந்தத்தாலான பிடில் ஒன்றை அவருக்குப் பரிசாக வழங்கினார். அது நடந்தது இதே திருவனந்தபுரத்தில். ஆர்மோனியத்தின் கதை சற்று வேறு. அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டில் அதை விலக்கி வைத்தது. 1971-க்குப் பிறகுதான் அந்தத் தடை தளர்ந்தது. வானொலிக்காரர்களும் ஒரு காலத்தில் திண்ணைப் பாட்டனாரைப் போலவே முகம் சுளித்தார்கள் என்பதை இந்த ஏட்டிலேயே ஒப்புக்கொள்வதில் தவறில்லை. அவ்வாறிருக்க, கித்தாரை மட்டும் குற்றம் சொல்வானேன்?

இரண்டாவது குறைதான் கடினமானது. கருவி எங்கிருந்தும் வரலாம்; பாட்டின் மொழி பாடுகிறவனுடைய மொழியாக இருக்க வேண்டாமா? இந்தக் கேள்விக்குத் திருவனந்தபுரத்து இளைஞர்கள் சிலர் பேச்சால் விடை சொல்லவில்லை, பாடிக் காட்டினார்கள். அவர்கள் 2003-ஆம் ஆண்டில் அமைத்த இசைக்குழுவின் பெயர் 'அவியல்'.

அவியலைப் பற்றிச் சொல்லுமுன் அதன் இசை வகையைச் சிறிது விளக்க வேண்டும். ராக் இசை அமெரிக்காவில் 1950-களில் வேரூன்றியது. மின்கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ், ஒரு பாடகர் என்ற நால்வகை உறுப்புகள் அதற்குப் போதுமானவை. நாளடைவில் அது பெருவணிகமாயிற்று. பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் எதை விற்க விரும்பினவோ அதுவே பாட்டு என்றாகிவிட்ட நிலையில், 1980-களில் சிறு நிறுவனங்களையும் கல்லூரி வானொலி நிலையங்களையும் நம்பிச் சில குழுக்கள் தனிவழி நடந்தன. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற கல்லூரி நகரில் 1980-இல் தோன்றிய 'ஆர்.இ.எம்.' அவற்றுள் முன்னோடி. கல்லூரி வானொலி அந்தக் குழுவைத் தூக்கி நிறுத்தியது என்றே கூறலாம். இவ்வகை இசைக்கு 'மாற்று ராக்' என்று பெயர் வழங்கலாயிற்று. 1991-இல் 'நிர்வாணா' என்ற குழு வெளியிட்ட 'நெவர்மைண்ட்' என்ற தொகுப்பு உலகெங்கும் விற்றுத் தீர்ந்தபோது, மாற்றுவழியே பெருவழியாகிவிட்ட விந்தை நிகழ்ந்தது. நிர்வாணம் என்னும் பௌத்தச் சொல் கடல் கடந்து சென்று ஒரு ராக் குழுவுக்குப் பெயராய் அமைந்ததை மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

கேரளத்தில் ராக் இசை புதிதன்று. கொச்சியில் 1977-இல் தொடங்கிய '13 ஏ.டி.' என்ற குழு அந்நகரின் ஓட்டல் மேடையில் வாசித்துப் புகழ் பெற்றது. 1990-இல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதே கொச்சியில் 1996-இல் 'மதர்ஜேன்' தோன்றியது. அக்குழுவில் கித்தார் வாசித்த பைஜு தர்மஜன் நரம்புகளில் கர்நாடகக் கமகங்களைப் புகுத்தினார். கித்தார் வீணை போல் குழைந்தது. 2008-இல் வந்த 'மக்தூப்' என்ற அவர்களுடைய தொகுப்பில் அதைக் கேட்கலாம். ஆயினும் இவ்விரு குழுக்களும் பாடியது ஆங்கிலத்தில். வேறு எவ்வாறு பாடுவது என்று அக்காலத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மும்பையில் 1986 முதல் நடந்து வந்த 'இண்டிபெண்டன்ஸ் ராக்' போன்ற விழாக்களில் ஆங்கிலப் பாட்டே வழக்கு. தாய்மொழியில் பாடினால் கேலிக்கு இடமாகும் என்ற கூச்சமும் இருந்திருக்கும்.

அந்தக் கூச்சத்தை உதறியவர்கள் டோனி ஜானும் ஆனந்தராஜ் பெஞ்சமின் பாலும். ஆனந்தராஜ் பாடினார். டோனி ஜான் இசைத்தட்டுச் சுழலும் கருவியைக் கையாண்டார். சுழலும் தட்டை விரலால் முன்னும் பின்னும் அசைத்துத் தாளத்துக்கு இசைந்த கீறலொலி எழுப்புவது அக்கலை. ரெக்ஸ் விஜயன் கித்தார் வாசித்தார்; மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸ் முழக்கினார்; மும்பையைச் சேர்ந்த நரேஷ் காமத் பேஸ் கித்தாருக்கு வந்தார். ஆனந்தராஜ் பின்னர் விலகிவிட, பாடும் பொறுப்பு டோனி ஜானிடம் வந்தது. நரேஷ் காமத்தின் இடத்துக்குப் பிற்காலத்தில் பின்னி ஐசக் வந்தார். 'நட நட' என்ற முதற் பாடல் 2003-ஆம் ஆண்டில் படக்காட்சியோடு வெளிவந்தது. முழுத் தொகுப்பு வெளிவர ஐந்தாண்டு பிடித்தது. மும்பையைச் சேர்ந்த 'ஃபேட் ஃபிஷ்' என்ற சிறு நிறுவனம் 2008-இல் அதை வெளியிட்டது. தொகுப்பின் பெயரும் 'அவியல்'தான், பாடல்கள் எட்டு.

பெயர்ப் பொருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாம்பாரிலே காய் கரைந்து போனாலும் குற்றமில்லை. அவியலில் அப்படியன்று. வாழைக்காயும் சேனையும் முருங்கையும் வெந்த பின்னும் தத்தம் உருவத்தோடு தனித்தனியே நிற்க வேண்டும். அரைத்த தேங்காயும் தயிரும் மேலே ஊற்றும் பச்சைத் தேங்காயெண்ணெயும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இக்குழுவின் பாட்டிலும் கித்தார் கித்தாராகவே ஒலிக்கிறது. நாட்டுப்பாட்டு நாட்டுப்பாட்டாகவே நிற்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றின் முனை மழுக்கப்படவில்லை. திரைப்படங்களில் நாட்டுப்பாடலுக்கு மேல்நாட்டு வாத்தியம் சேர்க்கும்போது நேர்வது பெரும்பாலும் சாம்பார்தான் என்பது நம் எண்ணம்.

இனி, கூச்சத்துக்கு அப்பால் உண்மையான இடையூறு ஒன்றும் இருந்தது. அது மொழியின் உடலமைப்பைச் சார்ந்தது. ராக் தாளம் நான்கு எண்ணிக்கை கொண்டது. அதில் இரண்டாவதிலும் நான்காவதிலும் அடி ஓங்கி விழும். ஆதி தாளத்தில் முதல் தட்டிலேயே ஊன்றி நிற்கப் பழகிய நமக்கு இது சற்றே காலை இடறச் செய்யும். ஆங்கிலச் சொற்களில் ஓர் அசை அழுத்தமாகவும் மற்றவை தளர்வாகவும் ஒலிக்கின்றன. ஆகவே அழுத்த அசையைக் கொண்டுபோய் ஓங்கிய அடியின்மேல் உட்கார்த்தி வைத்தால் பாட்டு நடக்கத் தொடங்கிவிடுகிறது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் அத்தகைய அழுத்தம் இயல்பன்று. நம் செய்யுள் குறில் நெடில் என்ற கால அளவைக் கொண்டு நடப்பது. நெடிலைத் தவறான இடத்தில் நறுக்கினால் சொல் வேறு சொல்லாகிவிடும். 'பாடு' 'படு' ஆகிவிடும். ஆங்கில மெட்டில் அப்படியே தமிழ்ச் சொற்களைத் திணித்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். சொற்கள் வெளிநாட்டார் உச்சரித்தவை போல் தொங்கும்.

அவியல் குழுவினர் இதற்குக் கண்ட வழி, நம் கருத்தில், அவர்களுடைய வெற்றியின் மூலகாரணம். புதிதாக நயமான கவிதை எழுதி ராக் மெட்டில் ஏற்ற அவர்கள் முயலவில்லை. நாட்டுப்பாட்டின் பக்கம் திரும்பினார்கள். வயலிலும் தெருவிலும் பாடப்பட்ட பாடல்களில் சொற்கள் சிறியவை. ஒரே சொல் அடுக்கி அடுக்கி வரும். பொருளற்ற ஒலிக்குறிப்புகள் தாராளமாக வரும். கைகால்களின் அசைவே அவற்றின் தாளம். அத்தகைய வரிகள் எந்த ஓங்கிய அடியின்மேலும் தாமாகவே ஏறி நிற்கும். கித்தாரின் ஒலியைக் கருவியால் முறுக்கிக் கரகரக்கச் செய்யும் ராக் வழக்கமும், திறந்த வெளியில் உரத்த குரலில் பாடும் நாட்டுப்புற வழக்கமும் எதிர்பாராத விதமாக ஒன்றுக்கொன்று உறவாகிவிட்டன.

எட்டுப் பாடல்களுள் ஒன்றைத் தமிழர்கள் தனியே எடுத்துக் கேட்க வேண்டும். அதன் தலைப்பு 'ஆடு பாம்பே'. இதன் சொற்கள் ஸ்ரீ நாராயண குரு இயற்றிய குண்டலினிப் பாட்டைச் சேர்ந்தவை. 1928-இல் மறைந்த குரு, திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்தவர். இளமையில் அவருக்கு யோகம் பயிற்றிய தைக்காட்டு அய்யாவு சுவாமிகள் தமிழர். குருவும் தமிழ் நன்கு கற்றவர். தேவாரப் பதிகங்கள் என்ற பெயரில் தமிழிலேயே பாடியிருக்கிறார். திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் பெயர்த்திருக்கிறார். அவருடைய குண்டலினிப் பாட்டு, பாம்பை விளித்து ஆடச் சொல்லும் பாட்டு. பாம்பாட்டிச் சித்தரைப் படித்த எவருக்கும் அந்த விளி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. மூலாதாரத்தில் சுருண்டு கிடக்கும் சக்தியைப் பாம்பாக உருவகித்து எழுப்புவது சித்தர் நெறி. தமிழ்ச் சித்தரிடமிருந்து மலையாள குருவுக்கு, குருவிடமிருந்து கித்தார் ஏந்திய இளைஞர்களுக்கு என்று அப்பாம்பு ஊர்ந்து வந்திருக்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், பாட்டு சிறிதும் பழம்பொருள் போல் ஒலிக்கவில்லை. ஒரே விளி திரும்பத் திரும்ப வருவது சித்தர் பாடலின் இலக்கணம்; ராக் பாட்டின் பல்லவிக்கும் அதுவே இலக்கணம்.

குழுவின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011-இல் ஆஷிக் அபு இயக்கிய 'சால்ட் அண்ட் பெப்பர்' என்ற மலையாளப் படத்துக்காக அவர்கள் 'ஆனக்கள்ளன்' என்ற பாடலை அளித்தார்கள். மேடையை அறியாத குடும்பங்களுக்குள்ளும் அது புகுந்தது. சமையலை மையமாகக் கொண்ட படத்துக்கு அவியல் பாட வந்தது வேடிக்கையான பொருத்தம். ரெக்ஸ் விஜயன் அதே ஆண்டில் 'சாப்பா குரிசு' என்ற படத்தின் வாயிலாகத் திரையிசையில் நிலைபெற்றார். 'நீலாகாசம் பச்சக்கடல் சுவந்ந பூமி' (2013), 'மாயாநதி' (2017), 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) ஆகியவை அவர் பெயரோடு சேர்ந்தவை. மலையாளப் படப்பாடல்களில் 2011-க்குப் பின் கித்தாரின் ஓசை மாறியது. வீங்கிய வாத்தியக்கூட்டம் குறைந்து, ஒரே நரம்பின் நீண்ட எதிரொலி நிறைந்தது. இம்மாற்றத்துக்கு ஒருவரை மட்டும் காரணராகச் சொல்லுவது நியாயமன்று. ஆனால் ரெக்ஸ் விஜயனை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது.

மேடையிலும் வழி திறந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் 2013-இல் கொச்சியில் 'தைக்கூடம் பிரிட்ஜ்' புறப்பட்டது. அடுத்த ஆண்டில் 'மசாலா காபி' வந்தது. மலையாளத்தில் பாடுவதற்கு இவர்கள் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சென்னையிலும் 'லா பொங்கல்' என்றொரு குழு தமிழ் நாட்டுப்பாடல்களைப் புதுமுறையில் பாடியது. அவியல், பொங்கல், காபி என்று குழுக்களின் பெயர்களைக் கேட்டால் பசி எடுக்கிறது. தாய்மொழி என்றதும் இளைஞர் மனம் முதலில் அடுக்களைக்குத்தான் செல்கிறது போலும்.

தமிழில் இம்முயற்சி வேறொரு திசையிலும் சென்றது. 2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்து அமைத்த குழு அது. வடசென்னையின் கானாவையும் பறையையும் ராக் இசையோடும் ராப் இசையோடும் இணைத்து, சாதிக் கொடுமையை நேரே பேசியது. சொல்லின் கூர்மையை நோக்கினால் அவியலைக் காட்டிலும் இது பல படி மேலானது என்றே நாம் கருதுகிறோம். அவியல் பாடல்களில் ஒலியின்பம் மிகுதி. பொருள் சில இடங்களில் மெலிந்திருக்கும். ஒரு சொல் அழகாக ஒலிக்கிறது என்பதற்காகவே மீண்டும் மீண்டும் வரும். எட்டுப் பாடல்களும் ஒரே தரத்தவை என்றும் சொல்ல மாட்டோம். ஐந்தாண்டு உழைத்து எட்டே பாடல்கள் தந்த குழுவிடம் நேயர்கள் இன்னும் எதிர்பார்த்ததும் இயல்பே. ஆனால் கதவைத் திறப்பவன் வீட்டையும் கட்டித்தர வேண்டுமென்று கேட்பது அதிகம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இந்த வரலாறு வேறு விதமாக நெருக்கமானது. கேரளத்து இளைஞனுக்கு மலையாளம் தெருவிலும் பள்ளியிலும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் பாடினாலும் அவன் மொழி அவனை விட்டுப் போகாது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுக்குள் மட்டும் கிடைக்கிறது. வீட்டிலும் அது 'சாப்பிட்டாயா, படித்தாயா' என்ற அளவில் சுருங்கிவிட்டது. நாம் அவர்களுக்குத் திருக்குறள் மனப்பாடம் செய்விக்கிறோம். ஆண்டுவிழா மேடையில் ஒப்பிக்கச் செய்கிறோம். நல்லதுதான். ஆனால் பதினாறு வயதில் அவர்களுக்குக் கோபம் வரும்போதும், காதல் வரும்போதும், காரணமின்றி மனம் சோர்ந்திருக்கும்போதும் அதைச் சொல்ல நாம் தமிழில் என்ன கொடுத்து வைத்திருக்கிறோம்? கதவைச் சாத்திக்கொண்டு காதில் கருவியை மாட்டிக்கொள்ளும் அந்த வேளையில் அவர்களோடிருக்கும் மொழிதான் அவர்களுக்கு மிஞ்சும் மொழி. கித்தார் வேண்டாம் என்று தடுத்த வீடுகளில் கித்தார் போகவில்லை, தமிழ்தான் போயிற்று என்பதை நம் சுற்றத்தாரிடையே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறோம்.

கேட்கத் தொடங்குவோர் 'நட நட'வில் தொடங்கலாம். சொற்களுக்கு அகராதி தேவைப்படாது. பாதி தமிழாகவே காதில் விழும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் 'ஆடு பாம்பே'யை அவர்கள் இருக்கும்போது வைத்துப் பார்க்கலாம். கரமனையில் நம் உறவினர் வீட்டு மாடியில் அந்தப் பாட்டு முழங்கியபோது, கீழே கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எண்பது வயது அத்தைப்பாட்டி தலையை நிமிர்த்தி, "இது சித்தர் பாட்டுன்னா? யாருடா இப்படிப் போட்டு அலர்றது?" என்று கேட்டார். பேரன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். அவர் கீரைத்தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாம்பாட்டியார் பாடலில் தமக்கு நினைவிருந்த இரண்டு மூன்று செய்யுள்களைச் சொல்ல, பையன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு சுருதி தேடலானான்.